நான் பார்க்காத மூன்று ரவுண்டு

20 ஜனவரி 1965, புதன்

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. கிணற்றடியில் நின்று இரண்டு குடம் பிடித்து வருவதற்குள் ஆஸ்பத்திரி டூட்டிக்கு நேரமாகிவிட்டது. மேட்ரன் கடிகாரத்தை மட்டும் பார்த்தார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் படகு வேலை முடிந்து வரும்போது ஒரு நோட்டீஸ் கொண்டுவந்தார். பிப்ரவரி பதினாலு, ஞாயிற்றுக்கிழமை, போர்ட் பிளேர் ஜிம்கானா மைதானத்தில் குத்துச்சண்டை. மேலே பெரிய எழுத்தில் போலீஸ்கார கோவிந்தராஜ் பேரும், அவரோடு மோதப்போகிற, மரம் அறுக்கும் மில் ஆளின் பேரும். அதற்குக் கீழே, மருந்துப் பாட்டிலில் ஒட்டியிருப்பது போலப் பொடி எழுத்தில் ஐந்தாறு வரி. அதில் மூன்றாவது வரியில் இவர் பேர், கஸ்பார்.

"இந்தக் கீழ இருக்கதுக்கெல்லாம் என்ன பேரு தெரியுமாளா? அண்டர்கார்ட். கிருஷ்ணமூர்த்தி சார் சொன்னாரு" என்றார். கிருஷ்ணமூர்த்தி சண்டைக் கமிட்டியின் செகரட்டரி. மெட்ராஸ்காரர், ஆபீஸ் உத்தியோகம், இங்கிலீஷ் பத்திரிகை படிப்பவர்.

"கார்டுன்னா சீட்டா?"

"இல்லளா. அன்னைக்கு நடக்குற மொத்தச் சண்டைக்கும் கார்டுன்னு பேரு. மேல இருக்கது மெயின். அதுக்குக் கீழ இருக்கதெல்லாம் அண்டர்கார்ட்."

தூத்துக்குடியில் இவர் கூட்டாளிகள் அதைச் 'சில்லறை' என்றுதான் சொல்வார்களாம். இங்கிலீஷில் சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கிறது என்று சிரித்தார்.

"மெயின் சண்டையைப் பாக்கத்தானே எல்லாரும் வாராங்க? அப்புறம் எதுக்கு இது?" என்று கேட்டேன். வழக்கமாக ஒரு வார்த்தையில் பதில் சொல்லும் மனுஷன், இன்று அரிசி களைந்து உலையில் போடும்வரை பேசினார்.

"ஜனங்க ஒரேயடியா வந்து உக்கார மாட்டாங்க. நாலு மணிக்குப் பத்துப் பேரு வருவான். அஞ்சு மணிக்கு நூறு பேரு. அதுவரைக்கும் மேடை சும்மா கிடக்கலாமா? மெயின் சண்டை சட்டுன்னு முடிஞ்சு போனாலும், வந்தவன் ஒண்ணும் பாக்காமப் போனோம்னு நினைக்கக் கூடாதுல்லா. புது ஆளுவள இதுலதான் எறக்கிப் பாப்பாங்க. மெயின் ஆளுக்குக் காய்ச்சல்னா இங்கேருந்துதான் ஒருத்தன மேல தூக்குவாங்க."

"உங்கள எப்பத் தூக்குவாங்களாம்?"

அவரும் சிரித்தார். இந்தத் தீவுக்கு வந்த நாளாக இவர் கீழேயேதான் இருக்கிறார்.

வழக்கம்போலச் சொன்னேன்: "பேரு பெரிய எழுத்துல வரட்டும். பட்டுச்சேலை கட்டிட்டு முன்வரிசையில வந்து உக்காருதேன்."

கல்யாணமான வருஷம் விளையாட்டாகச் சொன்னது. இப்போது எங்கள் வீட்டுச் சட்டம் மாதிரி ஆகிவிட்டது. இதுவரை அவர் சண்டை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை; மெயின் தொடங்கும் நேரத்துக்குத்தான் போய்ச் சேருவேன்.

31 ஜனவரி, ஞாயிறு

மாதா கோவிலில் பூசை முடிந்து வந்ததும் பின்பக்கத்துப் பாதாம் மரத்தில் மரத்தூள் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டுக் குத்த ஆரம்பித்துவிட்டார். அடுத்த வீட்டுப் பெங்காலி அம்மா ஜன்னலைத் திறந்து, "பஸ் கரோ பாய், பச்சா சோ ரஹா ஹை" என்று கத்தினாள். போதும், நிறுத்து என்கிறாள்; குழந்தை தூங்குகிறதாம். அவளுக்கு ஒரு சலாம் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் காற்றைக் குத்திக்கொண்டிருந்தார்.

நான் துணி காயப்போட்டபடி பார்த்தேன். அவர் சண்டையை நான் பார்க்கப் போகாததற்குப் பட்டுச்சேலை மட்டும் காரணமில்லை. வார்டில் தினமும் கிழிந்த உதட்டையும் உடைந்த மூக்கையும் தைக்க ஊசி நூல் எடுத்துக் கொடுக்கிறவள் நான். என் வீட்டு மூக்கு உடைவதைக் கிட்ட இருந்து பார்க்க வேண்டுமா? இதை அவரிடம் சொன்னதில்லை. வேடிக்கை பேசுவது சுலபம்.

9 பிப்ரவரி

எடை குறைக்க வேண்டுமாம். மீன் குழம்பை வாசம் பிடித்துவிட்டுக் கஞ்சி குடித்தார்.

14 பிப்ரவரி, ஞாயிறு

காலையில் கோவிலிலிருந்து திரும்பும்போது கேட்டார். "இன்னைக்குக் கொஞ்சம் முன்னாலயே வாரியா?"

இதுவரை அப்படிக் கேட்டதே இல்லை. "ஏன்?" என்றேன். "சும்மாதான்" என்றார். "பாக்குதேன், ஜெயலட்சுமியையும் கூட்டிட்டு வாரேன்" என்றேன்.

ஜெயலட்சுமி என்னோடு வார்டில் வேலை பார்ப்பவள். மதியம் அவள் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். கிளம்பலாம் என்றேன். "இப்பவேவா? வெயில் தாழட்டும்டீ. இப்பப் போனா நாற்காலி போடுறவங்கதான் இருப்பாங்க" என்றாள். அதுவும் சரிதானே என்று தோன்றியது. அவள் சேலைக்குக் கஞ்சி போட்டாள். டீ போட்டாள். மெட்ராஸ் கப்பலில் வந்த பழைய பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தோம்.

நாங்கள் போய்ச் சேரும்போது மைதானம் நிறைந்திருந்தது. அவர் ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கயிற்றோரம் நின்றார். கீழ் உதடு வீங்கியிருந்தது.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சுது."

"ஜெயிச்சீங்களா?"

"ம்."

எங்களுக்கு நாற்காலி பிடித்துக் கொடுத்தார். கோவிந்தராஜ் மேடையேறியதும் ஒரே கூச்சல். மணி அடித்துக் கொஞ்ச நேரத்திலேயே மரமில் ஆள் தலையால் முட்டிவிட்டான். ரெஃப்ரி சண்டையை நிறுத்திவிட்டார். அவ்வளவுதான். இதற்கா சேலைக்குக் கஞ்சி போட்டோம் என்று ஜெயலட்சுமி சிரித்தாள்.

வீட்டில் உப்புத் தண்ணீர் கொப்பளிக்கக் கொடுத்தேன். ஏன் முன்னால் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

15 பிப்ரவரி, திங்கள்

சைக்கிள் கடை ஜெகநாதன் கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற வந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"சிஸ்டர், நேத்து கஸ்பார் அண்ணன் என்னா சண்டை! என் வாழ்க்கையில அப்படி ஒண்ணு பாத்ததில்ல. நீங்க எந்தப் பக்கம் உக்காந்திருந்தீங்க?"

"பின்னால" என்றேன்.

அந்த ஒரு வார்த்தை எப்படி வாயிலிருந்து வந்தது? தெரியவில்லை. அவர் சொல்லிச்சொல்லி மாய்ந்துபோனார். கஸ்பாரோடு மோத வேண்டிய ஆளுக்குக் காய்ச்சலாம். அந்த வாரம் கப்பலில் வந்த நேவிக்காரன் ஒருவனை முந்தின நாள் ராத்திரிதான் முடிவுசெய்து எதிரே நிறுத்தினார்களாம். அவன் எங்கேயோ பெரிய சாம்பியன் என்று சண்டை முடிந்த பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்ததாம். "கோவிந்தராஜ் சண்டையா மெயினு? இதுதான் மெயினு! பாக்கத்தான் ஆளில்ல. நாங்க முப்பது நாப்பது பேரு இருந்திருப்போம். அந்த மூணாவது ரவுண்டு... நீங்கதான் பாத்தீங்களே, நான் என்ன சொல்ல!"

ஆமாம் என்று தலையாட்டினேன். பார்த்தவள் என்று சொல்லிவிட்ட பிறகு என்ன நடந்தது என்று எப்படிக் கேட்பது?

காலையிலேயே அவருக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும், யாரோடு மோதப்போகிறோம் என்று. அதனால்தான் 'முன்னாலயே வாரியா' என்று கேட்டிருக்கிறார். நான் பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தேன்.

22 பிப்ரவரி, திங்கள்

கிருஷ்ணமூர்த்தி சார் வீட்டுக்கே வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, காபியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். "செப்டம்பர் பத்தொன்பது. அதே நேவி ஆளோட மறுபடியும். இந்த வாட்டி மெயின் ஃபைட் நம்ம கஸ்பார்தான். நேவி தரப்புலயும் ஒத்துக்கிட்டாங்க."

இவருக்குக் காது சிவந்துவிட்டது. நான் அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சார் போன பிறகு கேட்டேன். "அன்னைக்கு எப்படி இருந்துச்சு? சொல்லுங்களேன்."

"பாக்காதவளுக்கு எப்படிளா சொல்ல? செப்டம்பர்ல பாரு."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டு ஆறியிருப்பேன்.

6 ஜூன்

விடாத மழை. மரத்தூள் மூட்டை நனைந்து கல்லாகிவிட்டது. வீட்டுக்குள்ளேயே கயிறு தாண்டுகிறார். பாத்திரமெல்லாம் குலுங்குகிறது. குலுங்கட்டும்.

29 ஆகஸ்ட்

நோட்டீஸ் வந்துவிட்டது. முதல் வரி, பெரிய எழுத்து: கஸ்பார். அதைச் சுவரில் ஒட்டச் சொன்னேன். மாட்டேன் என்றார். "முடியட்டும், அப்புறம் ஒட்டலாம்." டிரங்குப் பெட்டியைத் திறந்து பட்டுச்சேலையை எடுத்து வெயிலில் போட்டேன். மேட்ரனிடம் அன்றைக்கு முழு நாள் லீவு கேட்டு வாங்கிவிட்டேன். நாற்காலி போடுகிறவர்களுக்கும் முன்னால் போய் நிற்பேன்.

7 செப்டம்பர், செவ்வாய்

பாகிஸ்தானோடு யுத்தம். ரேடியோவைச் சுற்றி ஆஸ்பத்திரியே நிற்கிறது. ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டச் சொல்லிவிட்டார்கள். நேவி ஆட்கள் யாருக்கும் வெளியே அனுமதி இல்லை. மைதானத்தில் கூட்டம் கூடக் கூடாது. எல்லாம் ரத்து.

"நாட்டுல யுத்தம் நடக்கும்போது நம்ம குத்துச்சண்டை பெருசா?" என்றார். நியாயமான பேச்சுதான். ஆனால் சாப்பிடவில்லை.

26 செப்டம்பர்

யுத்தம் நின்றுவிட்டது. ஆனால் அந்த நேவி ஆளை வேறு கப்பலுக்கு மாற்றிவிட்டார்களாம். ஜனவரியில் வேறு ஆளை வைத்து நடத்துவோம், மெயின் நீதான் என்று கமிட்டி சொல்லியிருக்கிறது. சரி. ஜனவரி ஒன்றும் தூரமில்லை.

11 நவம்பர், வியாழன்

எழுதாமல் இருக்க முடியவில்லை.

பதினோரு மணிக்கு ஜீப்பில் கொண்டுவந்தார்கள். கான்ட்ராக்டர் படகில் படாக் மரம் ஏற்றும்போது கம்பி வடம் நழுவி, மரத்துக்கும் வடத்துக்கும் நடுவில் வலது கை. நான் யாரோ என்று நினைத்து டிரேயை எடுத்துக்கொண்டு போனேன். ஸ்ட்ரெச்சரில் பார்த்தால் — ஐயோ, என் ஆளு. என் ஆளு.

டாக்டர் பார்த்துவிட்டு, "ரெண்டு விரலைக் காப்பாத்த முடியாது சிஸ்டர். மூணாவதைப் பாக்கலாம்" என்றார். நீ வெளியே போ, நான் நிற்கிறேன் என்று ஜெயலட்சுமி தோளைப் பிடித்துத் தள்ளினாள். போகவில்லை. டாக்டர் கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுத்தேன். மயக்க மருந்து ஏறும்வரை அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பயப்படாதளா" என்றார். யாரைப் பார்த்து யார் சொல்வது?

எத்தனையோ பேருக்கு இதே மேசையில் இதே வேலையைச் செய்திருக்கிறேன். அப்போதெல்லாம் அது வெறும் கை.

28 நவம்பர்

மூன்றாவது விரல் பிழைத்துக்கொண்டது. மடங்காது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் நன்றாக இருக்கின்றன. முஷ்டி பிடிக்க முடியாது.

இடது கையால் சோறு பிசைகிறார். ஊட்டிவிடப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

5 டிசம்பர்

கிருஷ்ணமூர்த்தி சார் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார். வாசல்வரை கூடப் போய்க் கேட்டுவிட்டேன். "சார், பிப்ரவரியில நடந்த சண்டையப் பத்திச் சொல்லுங்க. ஒவ்வொரு ரவுண்டா. நான் அன்னைக்குப் பாக்கல."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "நானும் பாக்கலையேம்மா. பெரிய ஆபீசர்ங்க வராங்கன்னு வாசல்ல நின்னுட்டிருந்தேன். சத்தம்தான் கேட்டுது."

செகரட்டரிக்கே அண்டர்கார்ட் பார்க்க நேரமில்லை. நான் யாரைக் குறை சொல்வது?

8 டிசம்பர்

டூட்டி முடிந்து நேரே ஜெகநாதன் சைக்கிள் கடைக்குப் போனேன். போகிற வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை: அன்னைக்கு உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன் அண்ணே, நான் வரவே இல்ல, இப்பச் சொல்லுங்க. கடையில் வேறு ஆள் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். ஜெகநாதன் போன கப்பலில் குடும்பத்தோடு மெயின்லேண்டுக்கே போய்விட்டாராம். "அபி நஹி ஆயேகா, பெஹன்" என்றான் அவன். இனி வரமாட்டாராம்.

திரும்பி வந்து படுக்கையோரம் உட்கார்ந்து அவரிடமே கேட்டேன்.

"விடுளா. அது போச்சு."

"எனக்காகச் சொல்லுங்களேன்."

"கையில்லாதவன் எதைக் காட்டிச் சொல்ல?"

அவர் என்னைத் தண்டிக்கவில்லை. அது தெரிகிறது. அந்த நாளைத் திறந்து பார்க்க அவருக்கே தைரியமில்லை. நான் பார்த்திருந்தால் அவர் திறக்க வேண்டியதே இல்லையே. என்னிடம் அது பத்திரமாக இருந்திருக்குமே. அவருக்குத் தேவைப்படும்போது நான் எடுத்துச் சொல்லியிருப்பேனே. அதற்குத்தானே கூப்பிட்டார்?

25 டிசம்பர்

கிறிஸ்துமஸ். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கோவிலுக்குப் போனேன். அழகாக இருக்கிறது என்றார். பாதிப் பூசையில் அழுகை வந்துவிட்டது.

17 ஏப்ரல் 1966

வடக்கே லாங் ஐலண்டில் டிஸ்பென்சரிக்கு ஒரு நர்ஸ் வேண்டுமென்று கேட்டார்கள். யாரும் போக விரும்பவில்லை. நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். போர்ட் பிளேரில் வழியில் பார்க்கிறவர்களெல்லாம் இவர் கையைத்தான் பார்க்கிறார்கள். அங்கே படகுத்துறை ஜெட்டியில் இவருக்கும் காவல் வேலை தருகிறார்களாம். ஜெயலட்சுமி வழியனுப்ப வந்து, "அன்னைக்கு நான்தான்டீ உன்னை நிறுத்தி வெச்சேன்" என்று அழுதாள். அவள் என்ன செய்வாள்? கால் என்னுடையதுதானே.

2 அக்டோபர்

இங்கே வந்தபிறகு எழுத ஒன்றுமில்லை. காடு, மரமில் சங்கு, வாரத்துக்கு ஒரு படகு. அவர் தூண்டில் போடக் கற்றுக்கொண்டார், இடது கையால். பேச்சு இன்னும் குறைந்துவிட்டது. குத்துச்சண்டை என்ற வார்த்தை எங்கள் வீட்டில் இல்லை.

5 மார்ச் 1967, ஞாயிறு

மாயாபந்தர் போகும் படகு இன்று மதியம் வந்தது. மருந்துப் பெட்டி வாங்க நானும் ஜெட்டிக்குப் போயிருந்தேன். அவர் வாசலில் நின்று டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

படகிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கின ஆள் — பழனிசாமி என்று பேர், படகில் வேலை — இவரையே உற்றுப் பார்த்தான். பெட்டியைக் கீழே வைத்தான்.

"அரே, நீங்க கஸ்பார்தானே? ஜிம்கானாவுல நேவிக்காரனச் சாய்ச்ச கஸ்பார்?"

இவர் டிக்கெட்டைப் பார்த்தபடி, "ஆளு மாறிப் பாக்குத" என்றார்.

"எப்படி மாறும்? நான் மேடைக்குக் கீழ, தண்ணி வாளி பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன். ரெண்டு வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன், ஒரு பய நம்ப மாட்டேங்கிறான்."

இவர் வேறு பக்கம் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. என்னைக் காட்டி, "இவகிட்டச் சொல்லு. இவ பாக்கல" என்றார்.

பழனிசாமி அந்த ஜெட்டிப் பலகையிலேயே சண்டையை நடத்திக் காட்டினான். முதல் ரவுண்டில் மணி அடித்ததும் நேவிக்காரன் பாய்ந்து வந்து இவரைக் கயிற்றில் தள்ளிக் கீழே வீழ்த்தினானாம். முடிந்தது என்று நினைத்தார்களாம். எழுந்தாராம். இரண்டாவது ரவுண்டில் இவர் முன்னால் போகவே இல்லையாம். "அவன் வீசுறான், வீசுறான், எல்லாம் காத்துல. அண்ணன் ஒரு அடி பின்னால, ஒரு அடி வலது சைடுல. டீ விக்கிறவன் தூக்குச் சட்டியோட அப்படியே நின்னுட்டான். இடம் தேடி வந்தவன்லாம் உக்கார மறந்துட்டான். ஏக்தம் சன்னாட்டா! ஒரு சத்தம் இல்ல, மூச்சுச் சத்தம்தான் கேட்டுது."

"இடது பக்கம்தான் போனேன். வலது பக்கம் போவல" என்று இவர் மெல்லத் திருத்தினார்.

பழனிசாமி மூன்றாவது ரவுண்டுக்கு வந்து, கால் அகட்டி நின்று, கையை ஓங்கின நேரம் படகின் ஊதல். படகை ஓட்டும் சாரங்கு மேலேயிருந்து கத்தினார். "பாக்கிய அடுத்த ட்ரிப்புல சொல்றேன் அக்கா" என்று பழனிசாமி ஓடிவிட்டான்.

வேலை முடிந்து இருவரும் சேர்ந்து வீட்டுக்கு நடந்தோம். டிஸ்பென்சரி மேட்டில் ஏறும்போது அவராகவே ஆரம்பித்தார்.

"மூணாவது ரவுண்டுல ஒரு தடவ வாசல் பக்கம் திரும்பிப் பாத்தேன். நீ வந்துட்டியான்னு. அப்பதான் அவன் உதட்டுல போட்டான்."

நின்றுவிட்டேன். அவரும் நின்றார்.

"அதுக்கப்புறம் வாசலப் பாக்கல. அவனப் பாத்தேன்" என்றார். மருந்துப் பெட்டியை என் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தார். "நீ இப்படி நில்லு. நேவிக்காரன் நின்ன இடம். கையத் தூக்கு. இன்னும் கொஞ்சம். ம். இப்ப நான் இங்கன வாரேன், பாரு."

பார்த்தேன்.